நாகப்பன் மட்டும் சாயவில்லை

துலுக்கானம் சாய்ந்துவிட்டார். நாகப்பன்தான் சாயவில்லை.

கம்ப்யூட்டரில் துலுக்கானம் என்ற பெயரைத் தொட்டால் அதன் தலைக்கு மேல் வளைந்த அம்பு ஒன்று வந்தது. அதைப் பிடித்து இழுத்தால் பெயர் சாய்ந்தது. எவ்வளவு இழுக்கிறேனோ அவ்வளவு. நாகப்பன் என்ற பெயருக்கு அந்த அம்பே வரவில்லை. சுற்றி ஒரு கட்டம் வந்தது, மூலைகளில் புள்ளிகள் வந்தன. இழுத்தால் பெயர் தடித்தது, நசுங்கியது, நீண்டது. சாய்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தது.

"இன்னும் ஆவலையா பாப்பா?" என்றார் நாகவல்லி அக்கா.

"ஆயிடும்க்கா" என்றேன். மத்தியானத்திலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாகவல்லி அக்கா வீடு சேக்காட்டில் எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. அவருடைய மகள் நிஷாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. மண்டப வாசலில் கட்ட ஒரு பேனர் வேண்டும். நடுவில் பட்டுப்பாவாடை கட்டிய நிஷாவின் முழு உருவப் படம். அதற்கு இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் பெயர். பெரியவர் நாகப்பன், சின்னவர் துலுக்கானம். நாகவல்லி அக்கா இருவருக்கும் நடுவில் பிறந்தவர்.

பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் கடைக்குள் காலை வைக்கும்போதே அக்கா சொல்லிவிட்டார்.

"மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மட்டும் போட்றாத பாப்பா. கீழ போறவன் வரமாட்டான்."

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. நாகப்பன் தன் மகனுக்குக் காது குத்தியபோது வைத்த பேனரில் துலுக்கானத்தின் பெயர் கடைசி வரியில் இருந்ததாம். நாகப்பன் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியின் சூப்பர்வைசர் பெயருக்கும் கீழே. ஷேர் ஆட்டோவில் குடும்பத்தோடு வந்திறங்கிய துலுக்கானம் வாசலில் நின்று பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்து முடித்ததும் இறங்கியவர்களை மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு பக்கம் ஒரு வேன் நெறைய ஆளுங்க" என்றார் அக்கா. "எம் பக்கம் இதுங்க ரெண்டுதான். பச்சை ஓலைக் குடிசை பெரியவன் கட்டணும், மாலை சின்னவன் போடணும்னு பிரிச்சு வெச்சிகினு கீறேன். ஒண்ணு வந்து ஒண்ணு வரலைன்னா எங்க மாமியார் ஊட்ல இவளுக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் அதையே பேசுவாங்க."

ஆகவே பெயர்கள் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரே உயரத்தில், ஒரே அளவில் வரவேண்டும். படத்தின் இரு பக்கமும் இருந்த இடம் குறுகல். நேராகப் போட்டால் பெயர் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. சாய்த்துப் போட்டால் மூலைக்கு மூலை கொஞ்சம் நீளம் கிடைக்கும். சாய்க்கலாம் என்று சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் கடையில் யாரும் புது ஃபைல் திறப்பதில்லை. கல்யாணம் என்றால் போன கல்யாணத்தின் ஃபைலைத் திறந்து பெயரையும் படத்தையும் மாற்றுவோம். கண்ணீர் அஞ்சலி என்றால் போன அஞ்சலியின் ஃபைல். பத்தாவதோடு நின்றுவிட்ட என்னை வேலைக்குச் சேர்த்தபோது கடைக்காரர் ஜஸ்டின் அண்ணா சொன்னது ஒன்றுதான்: "புதுசா எதையும் ஆரம்பிக்காதம்மா. இருக்கிறதுல மாத்து." இப்போது திறந்து வைத்திருக்கும் சடங்கு ஃபைல் யாருக்காக முதலில் செய்தது என்று அவருக்கே தெரியாது. அதன் மூலையில் ஒரு கிளி இருக்கிறது. அதை எவராலும் அழிக்க முடிந்ததில்லை. அதனால் சேக்காட்டில் எந்தப் பெண்ணுக்குச் சடங்கு நடந்தாலும் அந்தக் கிளியும் வந்துவிடுகிறது.

நாகப்பனின் பெயரை மறுபடி தொட்டேன். மேலே மெனுவில் 'திருப்பு' என்று இருந்த இடம் வெளுத்துப்போய்க் கிடந்தது. துலுக்கானத்தைத் தொட்டேன். அது உடனே பளிச்சென்று கறுப்பானது. நாகப்பனைத் தொட்டால் மறுபடி வெளுப்பு.

ஜஸ்டின் அண்ணா ஜெராக்ஸ் மெஷினுக்கு டிரம் வாங்க அம்பத்தூர் போயிருந்தார். போன் செய்தேன்.

"ஒரு பேரு சாயுதுண்ணா, இன்னொண்ணு சாய மாட்டேங்குது."

"ஒரே ஃபைல்லயா?"

"ஒரே ஃபைல்தான். பக்கத்துப் பக்கத்துல."

"அணைச்சுட்டுப் போடு."

அணைத்துவிட்டுப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் ஒருவர் வந்து ஆதார் அட்டையை லேமினேஷன் செய்துகொண்டு போனார். ஃபைலைத் திறந்து, நாகப்பனின் கட்டத்து ஓரத்தைத் தொட்டு, கோணம் கேட்கும் சின்னப் பெட்டியில் முப்பது என்று அடித்தேன். நாகப்பன் சாய்ந்தார்.

"அப்பாடி" என்றார் அக்கா.

நானும் பெருமூச்சு விட்டேன். சேமித்தேன். நாகப்பன் நிமிர்ந்துவிட்டார்.

மறுபடி முப்பது என்று அடித்தேன். இந்த முறை அசையவில்லை. எழுத்தின்மேல் தொட்டு அடித்தேன். இல்லை. ஓரத்தைத் தொட்டு அடித்தேன். சாய்ந்தார், ஆனால் பக்கத்தின் உச்சிக்குப் பறந்துபோய் நிஷாவின் நெற்றியில் உட்கார்ந்துகொண்டார். இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் விட்டதும் நேரானார். இதற்கு ஏதாவது ஒழுங்கு இருந்தாலாவது மனது ஆறும். முதல்முறை கேட்டு, இரண்டாம்முறை கேட்காமல், மூன்றாம்முறை கேட்கிற மாதிரி நடித்தது. பள்ளிக்கூடத்தில் என் பின்னால் உட்கார்ந்திருந்த சிம்ரன் இப்படித்தான். பேசுவாள் என்று நினைத்துத் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்து நாகப்பனே வந்துவிட்டார். முதல் ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு, கையில் சாப்பாட்டுப் பையோடு. தங்கையைத் தேடி வீட்டுக்குப் போனவரை நிஷா கடைக்கு அனுப்பியிருக்கிறாள். உள்ளே வந்ததும் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார்.

"அய்ய, இன்னா இது? அவன் ஸ்டைலா சாஞ்சிகினு நிக்கிறான். நா மட்டும் ஆஸ்பத்திரில படுத்துகினு கீற மாரி கீறேன்?"

"உங்க பேரு சாய மாட்டேங்குதுண்ணா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு?"

"உன் பேரு சாயாதாம்" என்றார் நாகவல்லி அக்கா.

"அது இன்னா? அவன் பேரு சாயும், என் பேரு சாயாதா?"

"நீ எதுக்குண்ணா வளைஞ்சு குடுத்திருக்க, உன் பேரு வளையறதுக்கு?"

"தோ பாரு நாகு, என்னிய வம்புக்கு இழுக்காத. நா வாசல்ல நின்னு படிப்பேன். படிச்சுட்டுதான் உள்ள வருவேன்."

"வாசல்ல நின்னு படிக்கிற வியாதி உங்க ரெண்டு பேருக்குமே கீது."

நாகப்பன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். யாராவது பின்னால் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு விரல் ஓடாது. அவரோ பார்ப்பதோடு நிற்கவில்லை. "அத்த அமுக்கு", "இத்தப் புடி", "அது இன்னா மஞ்சளா மின்னுது, அத்தத் தொடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மஞ்சளாக மின்னியது அந்தக் கிளி.

எரிச்சலில் நாகப்பன் என்ற பெயரை எழுத்து எழுத்தாக அழித்தேன். கடைசி எழுத்தையும் அழித்தபிறகு, காலியான இடத்தில் கட்டம் மட்டும் நின்றது. துலுக்கானத்தின் கட்டமும் அதுவும் ஒரே மாதிரி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒன்றின் மூலைகளில் கறுப்புச் சதுரம், மற்றதில் வெள்ளை வட்டம்.

புரிந்துவிட்டது. பழைய ஃபைலில் ஒரே ஒரு தாய்மாமன்தான் இருந்தார். அவர் பெயரின் மேலேயே நான் நாகப்பன் என்று அடித்திருந்தேன். அது என்றைக்கோ பழைய கம்ப்யூட்டரில் செய்த அலங்கார எழுத்து. துலுக்கானத்துக்கு இடம் இல்லாததால் அவரை இன்றைக்குப் புதிதாகப் போட்டேன். பார்க்க இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே தங்க ஓரம். ஆனால் ஒன்று பழைய வகை, வரியில் இருக்கும் எழுத்து மாதிரி ஒட்டிக்கொண்டு சாயாதது. மற்றது புது வகை. யாரோ ஒருவருடைய மாமனை வெளியே அனுப்பாமல் அவருடைய நாற்காலியிலேயே நாகப்பனை உட்கார வைத்துவிட்டு, ஏன் அசையவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டத்தையும் சேர்த்து அழித்தேன். நாகப்பன் என்று புதிதாகப் போட்டேன். தலைக்கு மேல் வளைந்த அம்பு வந்தது. இழுத்தேன். சாய்ந்தது. சேமித்தேன். சாய்ந்தபடியே இருந்தது.

இரண்டு பெயரையும் இறக்கை மாதிரி விரித்து வைத்தேன். நிஷாவின் இடுப்பருகில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே மேல்நோக்கிப் போகிற மாதிரி. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

"நல்லா கீது பாப்பா" என்று எழுந்தே விட்டார் அக்கா.

"உக்காரு" என்றார் நாகப்பன். "என் பேர படி."

"நாகப்பன்."

"அப்டி இல்ல. வெரல வெச்சு படி. 'நா' மேல கீது. 'ன்' கீழ கீது. படிச்சிகினே வந்தா எறங்குது. அவன் பேரு ஏறுது."

நான் விரலை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். இறக்கை என்றால் அப்படித்தான் வரும். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். இடப்பக்க இறக்கை இறங்கித்தான் ஆகவேண்டும்.

"பொண்ணு சடங்குல தாய்மாமன் பேரு எறங்கிகினு போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

சரி என்று இரண்டையும் கோபுரம் மாதிரி மாற்றினேன். இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் இறங்கும். நாகப்பன் தலையை ஆட்டினார். "இப்ப சரி."

வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஓடுகிற வண்டி. ஓட்டியவர் இறங்கி வாசல்வரை வந்து, உள்ளே நாகப்பனின் முதுகைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். அவர்தான் துலுக்கானம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாடா, ஏன் வெளியவே நிக்கிற" என்றார் அக்கா.

"வண்டி நிக்குதுக்கா. நிஷா போன் பண்ணுச்சு. பேனரப் பாக்க ஒருத்தரு ஏற்கெனவே கடைக்குப் போயிக்கீறாரு, நீயும் போய்ப் பாரு மாமான்னுச்சு. யாருன்னு சொல்லல." சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவருக்கு விரல் வைக்க வேண்டிய தேவைகூட இல்லை. "பாப்பா, என் பேரு ஏன் சறுக்கிகினு போவுது?"

நாகப்பன் திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "சறுக்கலம்மா. அது டிசைன். அவராண்ட சொல்லு."

"டிசைனாம்ணா" என்றேன் வாசலைப் பார்த்து.

"டிசைன்னா, அவரு பேர அப்டி வெச்சிக்கச் சொல்லும்மா."

"உங்க பேரை..." என்று இந்தப் பக்கம் திரும்பினேன்.

"கேட்டுச்சு. மூத்தவன் பேரு ஏறித்தான் இருக்கணும்னு சொல்லு."

"காதுகுத்துல ஏறுன வரைக்கும் போதாதான்னு கேளு பாப்பா."

"அது பிரஸ்காரன் போட்ட தப்புன்னு ஆயிரம் வாட்டி சொல்லியாச்சுன்னு சொல்லு."

"என்னாண்ட ஒரு வாட்டிகூட சொல்லலைன்னு சொல்லு."

நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தேன். வீட்டில்கூட நான் இவ்வளவு பேசியதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "எத்தனை காப்பி" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது. இதில் நாகவல்லி அக்கா வேறு, "ரெண்டையும் சேத்துப் புடிச்சுத் திருப்பு பாப்பா, ஒரே மாரி வந்துடும்" என்றார்.

ஒரே மாதிரி வரும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு பெயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரே அம்பைப் பிடித்து இழுத்தேன். அது தராசு மாதிரி வேலை செய்தது. நாகப்பன் தரையைத் தொட, துலுக்கானம் நிஷாவின் தலைக்கு மேலே போய் நின்றார்.

"இது இன்னாம்மா அநியாயம்" என்றார் நாகப்பன்.

படியில் நின்றவர் முதல்முறையாகச் சிரித்தார். "இருக்கட்டும் பாப்பா, இத்தயே அனுப்பிடு."

அவசரமாக எதிர்ப்பக்கம் இழுத்தேன். துலுக்கானம் கீழே, நாகப்பன் மேலே. படியில் சிரிப்பு நின்றது.

"அவராண்ட கேளும்மா, வேணும்னே பண்ணச் சொல்லிக் குடுத்தாரான்னு."

"அவனாண்ட சொல்லும்மா, எனக்கு இந்தப் பொட்டியத் தொறக்கவே தெரியாதுன்னு."

எனக்கு எங்கிருந்து அப்படி வந்தது என்று தெரியவில்லை. மௌஸிலிருந்து கையை எடுத்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "அவரு அங்கதான் நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் சொல்லிகினே இருந்தா நான் எப்ப இதைச் சாய்க்கிறது? பேனர் அச்சடிக்கிற அமல்ராஜ் அண்ணா ஆறு மணிக்கு மேல ஃபைல் வாங்க மாட்டாரு. நாளைக்கு மெஷின் சர்வீஸ், மறுநாள் ஞாயித்துக்கிழமை. பேனரே இல்லாம சடங்கு பண்ணுங்க."

முகம் சுட்டது எனக்கு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

"ஆறு மணிக்கா?" இது துலுக்கானத்தின் குரல். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"ஆறுன்னுதான் சொல்லுது" என்றார் நாகப்பன்.

மறுபடி துலுக்கானம். "ரெண்டும் ஏறுனா இன்னா?"

"எப்டி ஏறும்? அந்தப் பக்கம் ஏறுனா இந்தப் பக்கம் எறங்கும். அதான் பாத்தியே."

"சேத்துக் கட்டாம, தனித்தனியா ஏத்தினா?"

"பாக்கிறவன் பேனரக் கோணையா கட்டிக்கீறாங்கன்னு நெனப்பான்."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறான். எவன் வந்து கேக்கப் போறான்?"

இரண்டு பெயரையும் தனித்தனியாகத் தொட்டு, ஒரே கோணத்தில், இரண்டும் ஏறுகிற மாதிரி வைத்தேன். துலுக்கானம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நிஷா நேராக நிற்க, அவளுக்கு இரண்டு பக்கமும் பெயர்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. பலத்த காற்றடிக்கிற மாதிரி.

"உன்னுது கொஞ்சம் மேல கீதுடா" என்றார் நாகப்பன்.

"இல்ல. உன் பேரு சின்னது. அதான் அப்டித் தெரியுது."

"என் பேரா சின்னது?"

"எழுத்து கம்மின்னு சொன்னேன்."

நாகவல்லி அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். நான் இரண்டுக்கும் உயரத்து எண்ணை ஒன்றாக்கி, அதைப் பெரிதாகக் காட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். சேமித்து, அம்பத்தூரில் ஃபிளக்ஸ் அச்சடிக்கும் அமல்ராஜுக்கு அனுப்பினேன்.

டீ வாங்கி வருகிறேன் என்று அக்கா கிளம்பினார். தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டார், அமல்ராஜ் அண்ணா கூப்பிட்டார்.

"ஏம்மா, இடது பக்கம் பேரு நேரா இருக்கு, வலது பக்கம் சாஞ்சிருக்கு. அப்படித்தானா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ரெண்டும் சாஞ்சிதாண்ணா இருக்கணும்."

"இங்க ஒண்ணுதான் சாஞ்சிருக்கு."

அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பது வேறு பதிப்பு. வேறு மாதிரி சேமித்து மறுபடி அனுப்பினேன். இந்த முறை நாகப்பன் சாய்ந்து போய்ச் சேர்ந்தார், துலுக்கானம் படுத்துவிட்டார். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். பெயர்கள் சாய்ந்திருந்தன, ஆனால் எழுத்துக்குக் கால் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். படமாக மாற்றி அனுப்பினேன். அவ்வளவு பெரிதாக்கினால் எழுத்தோரமெல்லாம் ரம்பப் பல்லாகிவிடும் என்றார்.

"ஒண்ணு பண்ணு" என்றார் அமல்ராஜ் அண்ணா. அவருக்கும் பொறுமை தீர்ந்திருந்தது. "நான் இங்கேயே கையால சாய்ச்சுக்கிறேன். எவ்வளவு சாயணும், எது எவ்வளவு உயரம்னு பக்கத்துல நின்னு சொல்ல ஒரு ஆளை அனுப்பு. அப்புறம் அது கோணை, இது இறக்கம்னு என்கிட்ட வரக்கூடாது. ஆறு மணி வரைக்கும் இருப்பேன்."

போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தேன். இருவருக்கும் கேட்டிருந்தது.

"நா போறேன்" என்றார் துலுக்கானம். "வண்டி கீது."

"நீ போனா உன் பேர மட்டும் பாத்துட்டு வந்துடுவ."

"அப்ப நீ போ."

"நா போனா, நா என் பேர மட்டும் பாத்தேன்னு நீ வாசல்ல நின்னு படிப்ப."

டீத் தூக்கோடு உள்ளே வந்த நாகவல்லி அக்காவை இருவரும் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நா வரமுடியாது" என்றார் அக்கா. "ஊட்ல ஆளுங்க வந்துகினு கீறாங்க. ரெண்டு பேருமே போங்க. அவனவன் பேர அவனவன் பாத்துக்கோங்க."

துலுக்கானம் சாவியை விரலில் சுற்றினார். நாகப்பன் சாப்பாட்டுப் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பென்டிரைவில் ஃபைலைப் போட்டு நீட்டினேன். இரண்டு கைகள் வந்தன. நான் அதை மேசையில் வைத்துவிட்டேன். நாகப்பன் எடுத்துக்கொண்டார்.

வாசலில், முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறுவதா பின்னால் ஏறுவதா என்று நாகப்பன் யோசித்து நின்றார். கடைசியில் பின்னால் ஏறி, வண்டியின் ஒரு ஓரத்தில் சவாரிக்காரர் மாதிரி உட்கார்ந்தார்.

"பூந்தமல்லியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் பையோடு ஓடி வந்தார்.

"சவாரி இல்லமா" என்றார் துலுக்கானம். "ஊட்டாளு."

வண்டி போனது. நாகவல்லி அக்கா டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினார். மற்ற இருவருக்காக வாங்கியது தூக்கில் ஆறிக்கொண்டிருந்தது.

"வழியில அடிச்சிக்காம இருந்தா சரி" என்றார்.

வீட்டில் ஆட்கள் வருகிறார்கள் என்றவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை நான் கவனித்துக்கொண்டேன். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைப் போன் அடித்தது. அமல்ராஜ் அண்ணா.

"ரேணுகா, இந்த ரெண்டு பேரையும் யாரு அனுப்புனது? ஒரே சத்தம். பக்கத்துக் கடைக்காரங்கல்லாம் எட்டிப் பாக்குறாங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. ஸ்பீக்கரை அணைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சிக்கிறாங்களாண்ணா?" என்றேன்.

"அவங்க ஏன் அடிச்சிக்கப் போறாங்க? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் அடிக்க வர்றாங்க. பேரெல்லாம் சாய்ச்சாச்சு, அதுல ஒண்ணும் இல்ல. இப்ப செவப்பு செவப்பா இல்லையாம். காஞ்சுபோன ரத்தம் மாதிரி இருக்காம். பெரியவரு சொல்றாரு, சின்னவரு ஆமான்றாரு. சின்னவரு சொல்றாரு, பெரியவரு ஆமான்றாரு. மாத்தாம நகர மாட்டோம்னு மெஷின் முன்னாடி நிக்கிறாங்க."

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாரு ஆமான்றது? பெரியவனா சின்னவனா?"

"ரெண்டு பேரும்தாங்க. மாத்திக் குடுத்துடறேன், அஞ்சு நிமிஷ வேலை. நீங்க கொஞ்சம் அவங்களை அமைதியா இருக்கச் சொல்லுங்க."

நாகவல்லி அக்கா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஒடனே மாத்திக் குடுத்துடாதப்பா" என்றார். "கொஞ்ச நேரம் கத்தட்டும்."